லேசர் ஆர்மில் குழாய் முனை: ஒவ்வொரு தடவையும் வேறு நீளம் வருகிறது, ஏன்?

கிராண்ட்பாஸ்_ஹைட்ராலிக்

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பு கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். லொறி, பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்), மீன்பிடிப் படகு என்று வருகிறவர்களுக்கு ஹைட்ராலிக் குழாய்களை மாதிரி பார்த்துச் செய்து கொடுக்கிறோம். முன்பெல்லாம் பழைய குழாயை மேசையில் வைத்து, அதன் வடிவுக்குக் கம்பி வளைத்து, கம்பியைப் பார்த்துக் குழாய் வளைப்போம். இப்போது முதலாளி லேசர் ஸ்கேனர் பூட்டிய அளவீட்டு ஆர்ம் ஒன்று, அதாவது கையால் நகர்த்தி அளக்கிற, மூட்டுகள் உள்ள இயந்திரக் கை, எடுத்திருக்கிறார். பழைய குழாயை ஸ்கேன் செய்தால் மென்பொருளே வளைவுக் கோணங்களையும் இடை நீளங்களையும் கணக்கிட்டு வளைக்கும் மெஷினுக்கு அனுப்பிவிடுகிறது.

வளைவுகள் அருமையாக வருகின்றன. அதில் ஒரு குறையும் இல்லை. பிரச்சினை இரண்டு முனைகளிலும்தான். மேசையில் இருந்த குழாயை அசைக்காமல் மறுபடி ஸ்கேன் செய்தாலே முனை நீளம் மாறிவிடுகிறது. சில நேரம் 0.8 மி.மீ. வரை வித்தியாசம். எங்கள் குழாய் பெரும்பாலும் 16 மி.மீ. வெளிவிட்டம், 1.5 மி.மீ. சுவர், ஸ்டெயின்லெஸ். நட் பூட்டும்போது குழாயை இழுத்துப் பிடித்துப் பூட்ட வேண்டி வருகிறது. அப்படி இழுவையில் நிற்கிற குழாய் அதிர்வில் வெடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வளைவு சரியாக வரும்போது முனை மட்டும் ஏன் பிழைக்கிறது?

வெள்ளவத்தை_வரைபடம்

ஸ்டெயின்லெஸ் என்றால் மினுங்குமே. மினுக்கத்தை மறைக்கப் பவுடர் ஸ்பிரே அடிக்கிறீர்களா? முனையை எந்தப் பக்கமிருந்து ஸ்கேன் செய்கிறீர்கள்?

கிராண்ட்பாஸ்_ஹைட்ராலிக்

பழைய குழாய்கள் மங்கித்தான் வருகின்றன, அதனால் ஸ்பிரே அடிப்பதில்லை. முனைக்கென்று தனியாக எதுவும் செய்வதில்லை. குழாய் நெடுகிலும் லேசர்க் கோட்டை ஓட்டிக்கொண்டு போய், முனை தாண்டியதும் நிறுத்துவோம். வசதிப்படி சில நேரம் மேலிருந்து, சில நேரம் பக்கவாட்டில்.

அளவுகூடம்

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் நீங்கள் கடைசியாக எழுதியதிலேயே இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வளைவு ஏன் நன்றாக வருகிறது? ஒவ்வொரு நேர்ப்பகுதியிலும் ஆயிரக்கணக்கான புள்ளிகளை எடுத்து மென்பொருள் ஒரு உருளையைப் பொருத்துகிறது. அந்த உருளையின் மைய அச்சும் அடுத்த நேர்ப்பகுதியின் மைய அச்சும் சந்திக்கிற இடம்தான் வளைவின் புள்ளி. ஒன்றிரண்டு புள்ளி தவறினாலும் ஆயிரத்தில் அது கரைந்துவிடும். முனைக்கு அந்த வசதி இல்லை. அந்தப் பக்கம் சந்திக்க இன்னொரு அச்சு கிடையாது. குழாய் முனை என்பது மைய அச்சும் வெட்டு முகமும் சந்திக்கிற புள்ளி. அது குழாயின் நடுவில், வெற்றிடத்தில் இருக்கிறது. அந்த இடத்தை எந்த லேசரும் நேரே பார்க்க முடியாது. அச்சை ஒரு தடவை, முகத்தை ஒரு தடவை என்று தனித்தனியாக எடுத்துக் கணக்கிட்டால்தான் அது கிடைக்கும். நீங்கள் அச்சை மட்டும் எடுக்கிறீர்கள், முகத்தை எடுக்கவில்லை. மென்பொருள் வேறு வழியில்லாமல் புள்ளிகள் எங்கே முடிகின்றனவோ அதையே முனை என்று வைத்துக்கொள்கிறது.

புள்ளிகள் முடிகிற இடமோ நம்பத்தக்கதல்ல. இந்த ஸ்கேனர்களில் லேசர் ஒரு பக்கம், கேமரா சாய்வாக இன்னொரு பக்கம். மேற்பரப்பில் விழுகிற லேசர்க் கோட்டின் ஒளியில் நடு எங்கே என்று கேமரா பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. அந்தக் கோட்டுக்கும் ஒரு தடிமன் இருக்கிறது. விளிம்பில் கோட்டின் பாதி உலோகத்திலும் பாதி வெளியிலும் விழும்போது, கேமராவுக்குத் தெரிகிற நடு உண்மையான நடு அல்ல. அதனால் விளிம்பில் புள்ளிகள் மேலேயோ கீழேயோ சுருண்டு போகும். திரையில் பெரிதாக்கிப் பாருங்கள், முனையில் வால் முளைத்த மாதிரி சில புள்ளிகள் தொங்கிக்கொண்டிருக்கும். அவைதான்.

இப்போது உங்கள் 0.8 க்கு வருவோம். மாதிரிக் குழாயை வெட்டியவர் கையால் இரும்பு அறுக்கும் வாள் பிடித்து வெட்டியிருந்தால் வெட்டு 3 பாகை சாய்வது சர்வ சாதாரணம். 16 மி.மீ. குழாயில் 3 பாகை சாய்ந்தால் ஒரு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் 0.84 மி.மீ. வித்தியாசம். மேலிருந்து ஒரு தடவையும் கீழிருந்து ஒரு தடவையும் ஸ்கேன் செய்தால் அந்த முழு வித்தியாசமும் உங்கள் நீளத்தில் வந்து உட்காரும். ஆர்ம் சரியாகத்தான் அளக்கிறது. வெவ்வேறு இடத்தை அளக்கிறது, அவ்வளவுதான்.

லேத்_ஐயா

அளவுகூடம் சொல்வது சரி. ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி. ஏன் இவ்வளவு பாடு? வளைக்கும்போது இரண்டு பக்கமும் 10 மி.மீ. கூட விட்டு வளையுங்கள். பிறகு ஃபிக்ஸ்சரில் (அந்தக் குழாய்க்கென்றே செய்த பிடிசட்டத்தில்) வைத்து வெட்டுங்கள். நாங்கள் இரத்மலானையில் வேலை செய்த காலம் முழுக்க அப்படித்தான் செய்தோம். ஒரு குழாயும் திரும்பி வரவில்லை.

அளவுகூடம்

ஐயா, ஒரே குழாயை நூறு, இருநூறு என்று செய்யும்போது உங்கள் வழிதான் சிறந்தது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தம்பியின் பட்டறைக்கு வருவது ஒரு பெக்கோவுக்கு ஒரு குழாய். அந்த ஒரு குழாய்க்கு ஃபிக்ஸ்சர் கட்டுவதென்றால் ஃபிக்ஸ்சரின் விலை குழாயின் விலையைத் தாண்டிவிடும். அதோடு வளைத்த பிறகு எந்த இடத்தில் வெட்டுவது என்று தெரிய மாதிரியின் முனை சரியாகத் தெரிந்திருக்க வேண்டுமே. கூடுதலாக விட்டு வளைத்தாலும் கேள்வி அதேதான்.

லேத்_ஐயா

ஒரு குழாய் வேலை என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் முகத்தை எப்படி எடுப்பது என்று சொல்லுங்கள். 1.5 மி.மீ. சுவர் என்றால் லேசருக்கு ஒரு மெல்லிய வளையம்தான் தெரியும். உட்துளைக்குள்ளும் கோடு போய் விழும்.

அளவுகூடம்

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள் ஐயா. இரண்டு வழி இருக்கிறது.

முதலாவது, வளையத்தையே ஸ்கேன் செய்வது. அதற்கு முன் பிசிறை அரத்தால் நீக்கி, துணியால் வடிவாகத் துடையுங்கள். வெளியில் மட்டுமல்ல, உள்விளிம்பிலும் பிசிறு இருக்கும். ஸ்கேனரை முகத்துக்கு நேரே பிடித்து வளையத்தைச் சுற்றி வாருங்கள். பிறகு உட்துளைச் சுவரில் விழுந்த புள்ளிகளையும், விளிம்பில் சுருண்ட புள்ளிகளையும் தேர்ந்து அழித்துவிட்டு, மிச்சத்துக்கு ஒரு தளம் பொருத்துங்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: வளையம் முழுச் சுற்றும் கிடைக்க வேண்டும். முழுச் சுற்று இருந்தால் தளத்தின் சாய்வு கொஞ்சம் பிழையாக வந்தாலும் பரவாயில்லை. அச்சு வளையத்தின் நடுவாகப் போகிறது, ஒரு பக்கத்துப் பிழையை எதிர்ப்பக்கம் சமன் செய்துவிடும். பாதி வளையம் மட்டும் கிடைத்தால் சாய்வுப் பிழை முழுவதும் நீளத்தில் ஏறும். உங்கள் மேசையில் குழாயின் அடிப்பக்கம் மறைந்திருந்தால் இதுதான் நடக்கும். முனையை மேசை விளிம்புக்கு வெளியே தள்ளி வையுங்கள், அல்லது வி பிளாக்கில் (V வடிவப் பள்ளம் உள்ள கட்டையில்) தூக்கி வையுங்கள்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. குழாயைவிட நல்ல அகலமான, முகம் சமமாக அரைத்த எஃகுக் கட்டை ஒன்றை முனையோடு ஒட்டிப் பிடித்து, கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். கட்டையில் முனையைத் தொடுகிற முகம் குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெளியே தெரியும். அந்த முகத்தை ஸ்கேன் செய்யுங்கள். மெல்லிய வளையத்துக்குப் பதிலாகப் பெரிய தட்டையான பரப்பு கிடைக்கிறது, தளம் அசையாமல் பொருந்தும். தொடுகிற முகத்தையே அளப்பதால் கட்டையின் தடிமனைக் கழிக்கிற வேலையும் இல்லை. ஆனால் கட்டை குழாயின் மிக நீண்ட இடங்களில்தான் தொடும். ஒரு பிசிறு நின்றாலும் அதன் உயரம் அப்படியே நீளத்தில் சேரும். ஆகவே அரம் போடாமல் இந்த வழிக்குப் போக வேண்டாம்.

ஆர்மில் தொடுமுனையும் இருந்தால் லேசரை விட்டுவிட்டு முகத்தைத் தொட்டே எடுக்கலாம். சுற்றிவரச் சில இடங்களில் தொட்டாலே போதும். நேர்ப்பகுதிக்கு லேசர், முகத்துக்குத் தொடுமுனை என்று கலந்து அளப்பதில் ஒரு தவறும் இல்லை, இரண்டையும் ஆர்மில் ஒழுங்காகச் சரிபார்த்திருந்தால்.

கிராண்ட்பாஸ்_ஹைட்ராலிக்

மிக்க நன்றி அக்கா. இப்போதுதான் விளங்குகிறது. இன்னொரு தொல்லை சொல்கிறேன். எங்களுக்கு வருகிற குழாய்களில் நட்டும் ஸ்லீவும் (நட்டுக்குள் குழாயைச் சுற்றி நிற்கிற வளையம்) முனையிலேயே இருக்கும். ஃபிளேர் அடித்திருப்பதால், அதாவது குழாயின் வாயைப் புனல் மாதிரி விரித்திருப்பதால், கழற்ற முடியாது. கடைசி நேர்ப்பகுதி முழுவதையும் அவை மறைத்துவிடுகின்றன.

பெக்கோ_மெக்கானிக்

தம்பி, நட்டையும் ஸ்லீவையும் வளைவு வரைக்கும் பின்னால் தள்ளி, மாஸ்கிங் டேப்பால் அங்கேயே கட்டி விடுங்கள். துருப் பிடித்து இறுகியிருந்தால் ஊடுருவும் எண்ணெய் அடித்து ஒரு இரவு விட்டால் பெரும்பாலும் கழன்று வரும். எண்ணெயைத் துடைக்காமல் மட்டும் ஸ்கேன் செய்யாதீர்கள், மினுங்கும்.

ஸ்லீவ் இருந்த இடத்தை உற்றுப் பாருங்கள். பழைய குழாய்களில் அந்த இடத்தில் ஒரு கோடு மாதிரிப் பள்ளம் விழுந்திருக்கும், ஸ்லீவ் கடித்த அடையாளம். அந்தப் பள்ளத்தை உருளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அங்கே விட்டம் குறைந்திருக்கும்.

வெள்ளவத்தை_வரைபடம்

எல்லோரும் குழாயைப் பற்றியே கதைக்கிறீர்கள், நான் காற்றைப் பற்றிச் சொல்கிறேன். நீள அளவுகளுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். 1931 இல் முடிவு செய்தது, ஐஎஸ்ஓ 1 என்ற சர்வதேச நியமத்திலும் அதுதான். கொழும்பில் ஏசி இல்லாத பட்டறையில் 30, 31 பாகை இருக்கும். ஸ்டெயின்லெஸ் குழாய் ஒரு மீற்றருக்கு, ஒரு பாகைக்கு, ஏறத்தாழ 17 மைக்ரான் (மி.மீ. இல் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) நீளும். 11 பாகை வித்தியாசத்தில் 1.2 மீற்றர் குழாய் 0.22 மி.மீ. நீண்டிருக்கும். மாதிரியும் புதுக் குழாயும் ஒரே உலோகம், ஒரே வெப்பநிலை என்றால் இது இரண்டிலும் ஒரே மாதிரி வந்து கழிந்துவிடும். ஆனால் லொறியில் இருந்து அப்போதுதான் கழற்றிய குழாயை, இஞ்சின் சூட்டோடோ வெயில் சூட்டோடோ, நேரே மேசையில் போட்டு அளந்தால் கழியாது. கையில் பிடித்துச் சூடு தெரியாமல் போகும்வரை விட்டு வையுங்கள்.

ஏசி அறையில் அளக்கிறவர்களுக்கு எதிர்ப்பக்கத் தொல்லை. குளிர்ந்த குழாயை வெளியே எடுத்தால் நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் சில நிமிடத்திலேயே அதன் மேல் பனித்துளி படியும். கண்ணுக்கு வெறும் மங்கலாகத்தான் தெரியும், லேசருக்கு அது சிதறல். துடைத்தாலும் திரும்பப் படியும்.

ஸ்பிரே பற்றிக் கேட்டதும் இதற்காகத்தான். புதுக் குழாய் மினுங்கினால் ஸ்பிரே தேவைப்படும். ஆனால் வெள்ளைப் பவுடரைக் கைபோன போக்கில் அடித்தால் பல பத்து மைக்ரான் தடிப்பில் படியும். நேர்ப்பகுதியில் அது சுற்றிவரச் சமமாக இருந்தால் அச்சு நகராது. வெட்டு முகத்தில் படிந்ததோ அப்படியே நீளத்தில் சேரும். முகத்தில் மெல்லியதாக ஒரே ஒரு தடவை அடியுங்கள். தானாக ஆவியாகிப் போகிற வகை ஸ்பிரேயும் இருக்கிறது, வேலை முடிந்து துடைக்கிற சிரமம் இல்லை, ஆனால் அது மறைவதற்குள் ஸ்கேனை முடிக்க வேண்டும்.

லேத்_ஐயா

நான் ஒன்று சொல்கிறேன், இதை மட்டும் தவறாமல் செய்யுங்கள் தம்பி. அதே 16 மி.மீ. குழாயில் நேரான துண்டு ஒன்று எடுங்கள், 300 மி.மீ. அளவில். லேத்தில் பிடித்து இரண்டு முகத்தையும் நேராகக் கடையுங்கள். பிசிறு நீக்குங்கள். நல்ல வேர்னியரில், அல்லது கேஜ் பிளாக்கோடு (நீளம் துல்லியமாகத் தெரிந்த எஃகுக் கட்டையோடு) ஒப்பிட்டு, அதன் நீளத்தை அளந்து எழுதி வையுங்கள். அதன்பிறகு ஆர்மில் ஸ்கேன் செய்யுங்கள். கிடையாக ஒரு தடவை, நட்டுக்குத்தாக ஒரு தடவை, மேசையின் இந்த மூலையிலும் அந்த மூலையிலும். ஆர்ம் சொல்கிற நீளம் எழுதி வைத்த நீளத்தோடு ஒத்துப்போனால், பிழை ஆர்மில் இல்லை, மாதிரியில்தான். ஒத்துப்போகாவிட்டால் மாதிரியைத் தொடவே வேண்டாம், முதலில் ஆர்மைப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் ஆயுசுக்கும் கண்டுபிடிக்க முடியாது.

அந்த வேர்னியரை எதோடு சரிபார்ப்பது என்றால், பௌத்தாலோக மாவத்தையில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் அளவுச் சரிபார்ப்பு செய்து தருகிறார்கள். தேசிய அளவு நியமங்கள் 1995 ஆம் ஆண்டு 35 ஆம் இலக்கச் சட்டப்படி அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் பொறுப்பு. பட்டறையில் ஒரு கருவியாவது அந்த நியமங்களோடு தொடர்புபடுத்திச் சரிபார்த்ததாக இருக்க வேண்டும். ஒன்று போதும், மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அளவுகூடம்

ஐயா சொன்னது இந்த இழையிலேயே பெரிய விஷயம். ஆர்ம்களுக்கென்றே ஐஎஸ்ஓ 10360-12 என்று சோதனை முறை இருக்கிறது, 2016 இல் வந்தது. அதை முழுவதும் செய்ய வசதி வேண்டும். ஐயாவின் நேர்த்துண்டு தினமும் காலையில் செய்யக்கூடியது.

ஆர்ம் நிற்கிற இடத்தையும் பாருங்கள். கிராண்ட்பாஸ், ஆமர் வீதிப் பக்கம் என்றால் கன்டெய்னர் லொறி போகும்போது தரை அதிரும். ஆர்ம் ஒரு மேசையிலும் குழாய் இன்னொரு மேசையிலும் இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று அசையும். இரண்டையும் ஒரே கனமான மேசையில் வையுங்கள். பக்கத்தில் பிரஸ் அடிக்கிற நேரத்தில் ஸ்கேன் செய்வதைத் தவிருங்கள்.

கிராண்ட்பாஸ்_ஹைட்ராலிக்

நேர்த்துண்டு கடைந்து பார்த்தோம். கட்டை பிடித்து ஸ்கேன் செய்ததில் எந்த மூலையில் வைத்தாலும் வித்தியாசம் 0.1 மி.மீ. க்குள் நிற்கிறது. ஆகவே ஆர்மில் குறை இல்லை. முதலாளிக்கும் மனம் நிறைந்தது.

அப்புறம் ஒரு படகுக் குழாயை எடுத்தோம், ஃபிளேர் இல்லாதது. ஒரு முனை அழகாக வருகிறது. மற்ற முனையில் இன்னும் தடுமாற்றம். அதைப் பைப் கட்டர் சக்கரத்தால் வெட்டியிருக்கிறார்கள், விளிம்பு உள்ளே மடிந்து நிற்கிறது. அதோடு வளைவு முடிந்து முனை வரை நேர்ப்பகுதி மிகக் குறைவு, 15 மி.மீ. இருக்கும்.

அளவுகூடம்

இரண்டும் ஒரே முனையில் சேர்ந்திருக்கிறதா, சரி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கட்டர் சக்கரம் உலோகத்தைச் சீவாமல் அழுத்தித்தான் பிரிக்கும். அதனால் கடைசி ஒன்றிரண்டு மி.மீ. இல் வெளிவிட்டம் சுருங்கும், உள்ளே பிசிறு தள்ளி நிற்கும். அந்தக் கடைசி 3 மி.மீ. புள்ளிகளை உருளைக் கணக்கில் இருந்து வெட்டி எறியுங்கள். வளைவுப் பக்கமும் அப்படியே. வளைவு தொடங்குகிற இடத்தில் குழாய் வட்டமாக இல்லாமல் கொஞ்சம் நீள்வட்டமாக இருக்கும், அந்தப் பகுதியையும் விடுங்கள். இரண்டையும் விட்டால் 15 மி.மீ. இல் மிஞ்சுவது 9 அல்லது 10 தான்.

இங்கேதான் உண்மையான சிக்கல். அச்சின் திசையைத் தீர்மானிப்பது நேர்ப்பகுதியின் நீளம். 15 மி.மீ. நீளத்தில் புள்ளிகள் ஒரு முனையில் 0.05 மி.மீ. விலகினாலே அச்சு 0.19 பாகை திரும்பிவிடும். 10 மி.மீ. இல் அது 0.29 ஆகிவிடும். 150 மி.மீ. நேர்ப்பகுதியில் அதே விலகல் 0.02 பாகைதான். குறுகிய முனையில் அச்சு திரும்பினால் கடைசி வளைவின் கோணமும் சேர்ந்து கெடும். ஆகவே இந்த முனையில் இதுவரை சொன்ன நீளப் பிழையோடு கோணத்தையும் சந்தேகப்படுங்கள்.

வழி என்னவென்றால், முதலில் வெளிவிட்டத்தை வேர்னியரில் அளந்து, மென்பொருளில் அந்த விட்டத்தையே நிலையாகப் பூட்டிவிடுங்கள். விட்டத்தையும் சேர்த்துத் தேடச் சொன்னால், புள்ளிகள் பாதிச் சுற்றில் மட்டும் இருக்கும்போது விட்டமும் அச்சும் சேர்ந்து நழுவும். பிறகு குழாயைத் திருப்பி வைத்தாவது, ஆர்மைச் சுற்றிக் கொண்டுபோயாவது முழுச் சுற்றுப் புள்ளிகளை எடுங்கள். அதுவும் போதாவிட்டால், உட்துளைக்குள் இறுக்கமாகப் போகிற நேரான கம்பி ஒன்றை லேத்தில் கடைந்து செருகி, வெளியே 100 மி.மீ. நீட்டி விடுங்கள். பிசிறு நீக்கிய பிறகுதான் கம்பி நேராக உட்காரும். அச்சுக்கு அந்தக் கம்பியை ஸ்கேன் செய்யுங்கள். முகத்துக்குக் குழாயின் வளையத்தை எடுங்கள், கம்பி இருப்பதால் இங்கே கட்டை வைக்க முடியாது. உட்துளையும் வெளிவட்டமும் ஒரே மையத்தில் இருக்கும் என்று நம்பித்தான் இதைச் செய்கிறோம். அச்சில் இழுத்துச் செய்த நல்ல குழாயில் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

லேத்_ஐயா

கம்பி செருகுவது நல்ல வேலை. 15 மி.மீ. க்குள் பிடிமானம் போதாமல் கம்பி ஆடினால் விரிகிற வகை மாண்ட்ரல் (துளைக்குள் விரிந்து இறுகுகிற தண்டு) கடைந்து போடுங்கள்.

கிராண்ட்பாஸ்_ஹைட்ராலிக்

மாண்ட்ரல் கடையச் சொல்லியிருக்கிறேன் ஐயா. கடைசியாக ஒன்று. ஃபிளேர் அடித்த குழாயில் முகம் என்று எதை எடுப்பது? விரிந்த விளிம்பையா? அது பழைய குழாயில் நசுங்கி ஒரு பக்கம் மெலிந்து போயிருக்கிறது.

பெக்கோ_மெக்கானிக்

விளிம்பை எடுக்காதீர்கள் தம்பி. 37 பாகை ஃபிளேரில் எண்ணெயை அடைப்பது விளிம்பு அல்ல, உள்ளே இருக்கிற கூம்புப் பரப்பு. ஃபிட்டிங்கின் (நட் பூட்டுகிற எதிர் இணைப்புத் துண்டின்) கூம்பு அதில் போய் உட்காருகிறது. அந்த இடம்தான் உங்களுக்கு வேண்டிய முனை. மெஷினில் இருந்து கழற்றிய குழாயோடு ஃபிட்டிங்கையும் கேட்டு வாங்குங்கள். அதே அளவுப் புது ஃபிட்டிங் என்றாலும் பரவாயில்லை. அதை நட் போட்டுக் கையால் இறுக்கி, ஃபிட்டிங்கின் அறுகோணத்துக்குப் பின்னால் இருக்கிற சமமான முகத்தை ஸ்கேன் செய்யுங்கள். மெஷினில் அந்த முகம் எங்கே நிற்கிறதோ அங்கே உங்கள் புதுக் குழாயிலும் நின்றால் நட் இழுக்காமல் பூட்டும்.

ஃபிட்டிங் போட்டால் நட் முன்னால் வந்து நேர்ப்பகுதியை மறைக்குமே என்று கேட்பீர்கள். ஆகவே முதலில் நட்டைப் பின்னால் தள்ளி அச்சுக்கான ஸ்கேனை எடுத்துவிடுங்கள். பிறகு குழாயை அசைக்காமல் நட்டை முன்னால் கொண்டுவந்து ஃபிட்டிங்கைப் பூட்டி முகத்தை எடுங்கள். குழாயின் நடுவை வி பிளாக்கில் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். ஃபிட்டிங்கைப் பூட்டும்போது அது திரும்பிவிட்டால் முழுவதையும் முதலில் இருந்து எடுக்க வேண்டும்.

வெட்டு நீளம் அதற்குப் பிறகு வருகிற கணக்கு. ஃபிளேர் அடிக்கும்போது குழாய் எவ்வளவு குறைகிறது என்பது உங்கள் டையையும் குழாயையும் பொறுத்தது. ஒரு நேர்த்துண்டின் நீளத்தை அளந்து எழுதி, ஒரு பக்கம் ஃபிளேர் அடித்து, அதே ஃபிட்டிங்கைப் பூட்டி, குழாயின் மறுமுனையில் இருந்து அந்த முகம் வரை அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை 16 மி.மீ., 1.5 சுவர் என்று குறித்து வளைக்கும் மெஷின் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். சுவர் தடிமன் மாறினால் திரும்ப அளக்க வேண்டும்.